நம் சிறாருக்குக் காவல் எது?

தொடக்கப் பள்ளியிற் பயிலும் சிறுவர் சிறுமியர் கையில் இணையத்தைக் கொடுப்பது தகுமா, தகாதா என்னும் வினா இன்று தோட்டத்திலும் பட்டணத்திலும் ஒருங்கே எழுந்துள்ளது. தகும் என்பார் அறிவு வளர்ச்சியைக் காட்டுகின்றனர். தகாது என்பார் கெட்டுப்போன பிள்ளைகளைக் காட்டுகின்றனர். இரு திறத்தாரும் காட்டுவன உண்மையே. ஆயினும் அவ்வழக்குத் தீருமுன்பே பிள்ளையின் கைக்குக் கைப்பேசி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆதலின் அதனினும் ஆழமான வேறொரு வினாவை அன்பர்கள்முன் வைக்க விரும்புகின்றோம். ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள ஒரு பிள்ளைக்கு இணையத்தில் தீங்கு நேர்ந்தால், அல்லது அப்பிள்ளையே பிறர்க்குத் தீங்கு இழைத்தால், அதற்குப் பொறுப்பாளி யார்? அப்பிள்ளையைக் காக்க வல்லது எது? பூட்டா, பிரம்பா, ஒற்றா, அன்றி வேறொன்றா?

கைப்பேசி நம் வீட்டிற்குள் எவ்வாறு நுழைந்தது என்பதை முதலில் நோக்குவோம். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் அடைக்கப்பட்டன. அவ்வாண்டு சூன் திங்களிற் கல்வியமைச்சு டெலிமா என்னும் இணையக் கற்றல் தளத்தைத் தொடங்கியது. முதலாம் ஆண்டுப் பிள்ளையும் தன் பாடத்தைக் கைப்பேசியிற் பெறும் நிலை வந்தது. கைப்பேசி ஒன்றே உள்ள வீட்டில் அண்ணனும் தங்கையும் முறை வைத்துப் படித்தனர். அலைவரிசை எட்டாத தோட்டத்தில் மேட்டைத் தேடி ஏறினர். அன்று வேறு வழியில்லை. பின்னர்ப் பள்ளிகள் திறந்தன. பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பினர். ஆனால் கைப்பேசி பெற்றோர் கைக்குத் திரும்பவில்லை. பாடத்திற்காக வந்த விருந்தாளி, வீட்டோடு தங்கிவிட்டது.

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்க்கு ஆயாக் கொட்டகையை நினைவூட்ட வேண்டுவதில்லை. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய், தூக்கம் கலையாத குழந்தையைத் தோளிற் சுமந்து சென்று ஆயாவிடம் விட்டுவிட்டு மரம் வெட்டப் போவாள். அக்கொட்டகையிற் குறைகள் பல இருந்தன. எனினும் ஆயா யார், எந்த லயத்தாள், எத்தகைய குணத்தாள் என்பதைத் தாய் அறிவாள். குழந்தை அழுத கண்ணோடு திரும்பினால், மாலையிற் போய்க் கேட்க ஒரு முகம் இருந்தது. இன்று பட்டணத்து அடுக்குமாடி வீட்டில், இரவு முறை வேலை முடித்து வந்த தாய் அயர்ந்து உறங்கும் வேளையிற் பிள்ளையைப் பார்த்துக் கொள்ளும் ஆயா கைப்பேசியே. இந்த ஆயாவுக்குக் கூலி கொடுப்பவர் யார்? விளம்பரக்காரர். பிள்ளை எத்துணை நேரம் திரையை விட்டு அகலாதிருக்கின்றதோ, அத்துணைக்கு அவர்க்கு ஊதியம். ஒரு காணொளி முடிந்தவுடன் அடுத்தது தானே ஓடத் தொடங்குவதும், விளையாட்டின் நடுவே 'இன்னும் ஒரு பரிசு' என்று மணி ஒலிப்பதும் இதன் பொருட்டே. பிள்ளை போதும் என்று எழுந்து போவதை விரும்பாத ஓர் ஆயாவிடம் நாம் பிள்ளையை விட்டிருக்கின்றோம் என்பதை அறிந்து கொள்வது முதற்கடன்.

நிற்க. முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக், வாட்ஸ்அப் ஆகியன 13 வயது நிரம்பாதவர்க்குப் பொதுக்கணக்குக் கிடையாது என்று தம் விதிகளில் எழுதி வைத்துள்ளன. இந்தப் பதின்மூன்று எங்கிருந்து வந்தது என்று நம்மவரிற் பலர் கேட்டதில்லை. அமெரிக்க நாட்டில் 1998ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று, 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டலாகாது என்று விதித்தது. பெற்றோரைத் தேடி இசைவு வாங்கும் தொல்லையை வேண்டாத நிறுவனங்கள், அவ்வயதினர்க்கு இடமில்லை என்று வாசலிற் பலகை மாட்டின. ஆகவே இவ்வெல்லை, பிள்ளையின் மனம் எப்பொழுது முதிர்கின்றது என்பதை ஆராய்ந்து வகுத்தது அன்று. கணக்கும் வழக்கும் பற்றி வகுத்தது. பதின்மூன்றாம் பிறந்தநாள் விடிந்ததும் பிள்ளைக்குப் புதிய அறிவு பிறந்துவிடும் என்று கருதுவோர் ஏமாறுவர்.

எனினும் விதி விதியே. அவ்விதி நம் இல்லங்களில் எவ்வாறு மீறப்படுகின்றது? பிறந்த ஆண்டைக் கேட்கும் கட்டத்தில், ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு நொடியிற் பதினெட்டு வயதாகின்றது. பல வீடுகளில் அவ்வாண்டை மாற்றி அழுத்துவது தந்தையின் விரலே. இதனால் விளையும் தீமை இரண்டு. சிறார்க்கென்று அத்தளங்கள் அமைத்துள்ள சிற்சில காப்புகளும் பதினெட்டு வயதினர்க்கு இல்லையாதலால், பிள்ளை அவற்றை இழக்கின்றது. இஃது ஒன்று. மற்றொன்று இதனினும் பெரிது. இணையத்தின் வாசலிற் பிள்ளை கற்கும் முதற்பாடம் பொய்யாகின்றது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர் பெற்றோராகின்றனர். "உன்னோடு பேசுகின்றவன் தன் வயதைப் பற்றிப் பொய் சொல்லலாம், எச்சரிக்கையாயிரு" என்று பின்னர் அப்பிள்ளைக்கு எந்த வாயால் அறிவுரை கூறுவது?

இனி, தீங்கு எவ்வாறு வருகின்றது என்பதைக் கூறுவோம். திருடன் பூட்டை உடைத்து வருவதுபோல் அது வருவதில்லை. ரோப்லாக்ஸ் போன்ற விளையாட்டில் ஒருவன் பிள்ளையோடு சேர்ந்து ஆடுகின்றான். "நீ நன்றாக விளையாடுகின்றாய்" என்று புகழ்கின்றான். பிள்ளைக்குக் கிட்டாத ஆட்டக் காசையோ அணிகலனையோ இலவசமாகத் தருகின்றான். எந்தப் பள்ளி, எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று உசாவுகின்றான். பின்னர், எல்லாரும் காணும் இடத்தை விட்டுத் தனியே பேச அழைக்கின்றான். ஒரு படம் கேட்கின்றான். முதலில் முகப்படம், பின்னர் வேறு. "இது நம் இருவருக்குள் இரகசியம்" என்கின்றான். பிள்ளை தயங்கும் நாளில் அவன் குரல் மாறுகின்றது. "உன் அம்மாவுக்குத் தெரிந்தால் உன்னை அடிப்பாள், கைப்பேசியைப் பிடுங்கி விடுவாள், உன் படத்தைப் பள்ளி முழுவதும் அனுப்புவேன்." இத்தகையோர் எல்லாரும் முன்பின் அறியாத அந்நியர் என்றும் எண்ண வேண்டா. அறிமுகமானவர், அயலார், உறவினர் ஆகியோரும் இவ்வழியே வருவது உண்டு.

இம்மிரட்டலை அன்பர்கள் சற்று நின்று நோக்குமாறு வேண்டுகின்றோம். அதன் வலிமை எங்கே இருக்கின்றது? "அம்மா அடிப்பாள்" என்பது உண்மையாயிருக்கும் வீட்டில்தான் அச்சொல் வெல்கின்றது. தன் தாயிடம் எதையும் சொல்லலாம் என்று அறிந்த பிள்ளையிடம் அம்மிரட்டல் செல்லாக்காசு. வஞ்சகன் தன் ஆயுதத்தைத் தன்னுடன் கொண்டுவருவதில்லை; வீட்டிலே கிடக்கும் பிரம்பையே எடுத்துப் பிள்ளையின் வாயை அடைக்கின்றான். எனவே இக்கட்டுரையில் நாம் நிலைநாட்ட விரும்புவது ஒன்றே. தனக்கு நேர்ந்ததையும் தான் செய்ததையும் அஞ்சாது வீட்டிற் சொல்ல வல்ல பிள்ளையே காவலுடைய பிள்ளை. ஏனைய காவல்கள் யாவும் இதற்குத் துணையாகலாம், இதற்கு ஈடாகா.

இது வெறும் கற்பனை அன்று. யூனிசெஃப், இன்டர்போல், எக்பாட் ஆகிய அமைப்புகள் மலேசியாவில் நடத்தி 2022ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இணையம் பயன்படுத்தும் 12 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுள் குறைந்தது நூற்றுக்கு நால்வர் ஓராண்டுக்குள் இணையவழிப் பாலியற் கொடுமைக்கு ஆளாகியிருந்ததைக் கண்டது. காவல் துறையிடமோ உதவி நிலையங்களிடமோ முறையிட்டவர் மிகச் சிலர். சட்டம் இல்லாமையால் வந்த மௌனம் அன்று இது. சிறார்க்கு எதிரான பாலியற் குற்றங்கள் பற்றிய சட்டம் 2017ஆம் ஆண்டே மலேசியாவில் இயற்றப்பட்டது. தீய நோக்கத்தோடு சிறாரை நயமாகப் பழக்கி வசப்படுத்துவது அச்சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் பெறத்தக்க குற்றம். இத்தகைய குற்றம் நடப்பதை அறிந்தும் தகவல் கொடாதிருப்பதுகூட அங்குக் குற்றமே. இத்துணை வலிய சட்டமும் பிள்ளை வாய் திறந்தாலன்றி வேலை செய்யாது. பன்னிரண்டு வயதும் பதினைந்து வயதும் ஆன பிள்ளைகளே வாய் திறவாராயின், எட்டு வயதுக் குழந்தை யாங்ஙனம் திறக்கும்?

ஈண்டு மூவகை மறுப்புகள் எழும். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, "கைப்பேசியையே கொடாதிருந்தால் தொல்லை இல்லையே" என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தனிக் கைப்பேசி வேண்டும் என்று நாமும் கூறவில்லை. சிங்கப்பூரில் 2025ஆம் ஆண்டு சனவரியில் வெளியிடப்பட்ட சுகாதார வழிகாட்டி, 7 முதல் 12 வயதுவரை உள்ளோர்க்குப் பள்ளிப் பாடம் நீங்கலாகத் திரை நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணிக்கும் குறைவாயிருக்க வேண்டும் என்கின்றது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிரம்பாதவர்க்குச் சமூக ஊடகக் கணக்கு மறுக்கப்பட்டது. மலேசிய அரசாங்கமும் அவ்வாறே செய்யப் போவதாக 2025இல் அறிவித்தது. இணையப் பாதுகாப்புச் சட்டம் அங்கு 2026 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. இவை வரவேற்கத்தக்கன. பிள்ளையைக் கொண்டு பொருளீட்டும் நிறுவனங்களின் தலையிற் பொறுப்பைச் சுமத்துவது நீதியே. ஆனால் வாசலை அடைத்த மாத்திரத்தில் வீடு காவலுடையதாகிவிட்டது என்று பெற்றோர் உறங்குவாராயின் தீமை வேறு வழியில் வரும். பக்கத்து வீட்டிற் கைப்பேசி உண்டு. அத்தை மகனிடம் உண்டு. பள்ளிப் பேருந்தில் உண்டு. தடை மட்டுமே அறிந்த பிள்ளை, தடையை மீறிய நாளிற் கண்ட தீமையைச் சொல்வதற்கு இருமடங்கு அஞ்சும். தீமைக்கு ஆளானேன் என்பதோடு, விதியை மீறினேன் என்பதையும் அது சொல்ல வேண்டியிருக்கும் அன்றோ?

இரண்டாவது, "அடியாத மாடு பணியாது" என்னும் பழமொழியைக் காட்டுவோர் மறுப்பு. பணிவு வேறு, காவல் வேறு. அடிக்கு அஞ்சிய பிள்ளை நாம் காணும் இடத்திற் பணிகின்றது. காணாத இடத்தில் ஒளிக்கக் கற்கின்றது. இணையமோ முற்றும் நாம் காணாத இடம். உள்ளங்கை அகலத் திரைக்குள் பிள்ளை என்ன செய்கின்றது என்பதை எதிரே அமர்ந்திருக்கும் தந்தையும் அறியார். அத்தகைய இடத்திற்கு ஒளிக்கும் பழக்கத்தைக் கற்பித்து அனுப்புவது, இருட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு அனுப்புவதாகும். இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். வலியவரின் சொல்லுக்குக் கேள்வியின்றிப் பணிவதே நற்குணம் என்று வீட்டிற் பழகிய பிள்ளை, இணையத்தில் ஒரு வலியவன் "செய்" என்று கட்டளையிடும்போது மறுக்கும் திறனை எங்கிருந்து பெறும்?

மூன்றாவது, "பிள்ளைக்குத் தெரியாமல் அதன் கைப்பேசியைச் சோதித்துவிட்டாற் போகின்றது" என்பது. இதுவே ஆராய்ச்சிக்குரிய மறுப்பு. பிள்ளையின் கைப்பேசியைப் பெற்றோர் பார்ப்பது தவறா? தவறன்று என்பதே நம் கருத்து. ஆனால் பார்க்கும் முறை ஒன்றுண்டு. "உன் வயது இது; ஆகையால் வாரந்தோறும் நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம்" என்று முன்னரே சொல்லி, பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பார்ப்பது மேற்பார்வை. பிள்ளை உறங்கியபின் திருட்டுத்தனமாகத் திறந்து படிப்பது ஒற்று. மேற்பார்வையில் பிள்ளை கற்கின்றது; எது ஐயத்திற்குரியது, எதற்கு மறுமொழி கொடுத்தலாகாது என்று தாயின் முகத்தைக் கண்டே உணர்கின்றது. ஒற்றிலோ, ஒருநாள் அது வெளிப்படும்போது, வீட்டிலும் மறைவு உண்டு என்பதை மட்டுமே பிள்ளை கற்கின்றது. உயிருக்கோ உடலுக்கோ இடர் உண்டென்று ஐயம் பிறந்த வேளையில் உடனே திறந்து பார்ப்பது பெற்றோர் கடமை, அதனை மறுப்பாரில்லை. அன்றாட வழக்கமாக ஒற்றாடுதல் மட்டும் வேண்டா என்கின்றோம்.

மேற்பார்வை எந்நாளும் ஒரே அளவினதாயிருத்தலும் ஆகாது. தோட்டத்தில் மரம் வெட்டும் கத்தியைக் குழந்தைக்கு எட்டாதபடி கூரையிற் செருகி வைத்த அதே தாய், பிள்ளை வளர்ந்தபின் அதன் கையைப் பிடித்து, பட்டையை எத்துணை ஆழம் வெட்டலாம், எங்கு வெட்டினால் மரத்திற்குக் காயம் படும் என்று கற்பித்தாள். ஒளித்து வைத்ததும் அன்பு, கற்பித்ததும் அன்பு. முதலாம் ஆண்டுப் பிள்ளை பெரியவர் மடியருகே இருந்து பார்க்கட்டும். நான்காம் ஆண்டுப் பிள்ளை, கூடத்தில் எல்லாரும் நடமாடும் இடத்திலிருந்து தானே பார்க்கட்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம் காரணம் கேட்டு, காரணம் சொல்லி, சிற்சில முடிவுகளை அதனிடமே விடலாம். ஒரு வயதில் தளராத காவல் அடுத்த வயதிற் சிறையாகிவிடும்.

இதுகாறும் பிள்ளைக்கு வரும் தீங்கைப் பேசினோம். பிள்ளை பிறர்க்குச் செய்யும் தீங்கையும் மறைக்காது பேச வேண்டும். ஐந்தாம் ஆண்டு மாணவர் சிலர் புலனத்தில் ஒரு குழு அமைக்கின்றனர். வகுப்பிலுள்ள ஒரு பிள்ளை உணவருந்தும்போது எடுத்த படத்தை வெட்டி, கேலிச் சொல் எழுதி ஒட்டுப்படம் ஆக்குகின்றனர். நிறத்தைச் சொல்லிச் சிரிக்கின்றனர். பருமனைச் சொல்லிச் சிரிக்கின்றனர். தந்தையின் தொழிலையும், வீட்டுப் பெரியோர் வாயிற் கேட்ட சாதிப் பெயரையும் இழுக்கின்றனர். முன்னாளிற் பள்ளித் திடலில் நடந்த கேலி, மணி அடித்ததும் நின்றது. வீட்டிற்குப் போன பிள்ளைக்கு மறுநாட் காலை வரை ஓய்வு கிடைத்தது. இன்று அக்கேலி பிள்ளையின் தலையணை வரை தொடர்கின்றது.

சொல்தானே என்று சொல்வார் உளர். 2024ஆம் ஆண்டு சூலைத் திங்களிற் கோலாலம்பூரில், இணையத்தில் இடைவிடாத வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளான நம் தமிழ்ப் பெண்மணி ஒருவர் உயிர் நீத்த செய்தி நம் சமூகத்தையே உலுக்கிற்று. அவ்வழக்கில் ஒருவர்மீது சாட்டிய சிறு குற்றச் சட்டப் பிரிவு இடங்கொடுத்த அபராதம் 100 ரிங்கிட்டே என்பதைக் கண்டு மக்கள் வெகுண்டனர். 2025ஆம் ஆண்டு குற்றவியற் சட்டத் தொகுப்பில் இத்தகைய தொல்லைக்கெனப் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. வசை எழுதிய விரல்கள் வளர்ந்தோர் விரல்கள் என்பது மெய். ஆனால் அவ்விரல்கள் எப்பொழுது பழகின? பிறர் நோவைக் காணாத தொலைவிலிருந்து சுடுசொல் வீசும் பழக்கம், ஒன்பது பத்து வயதில், "சும்மா விளையாட்டு" என்று பெரியவர் விட்டுவிட்ட இடத்தில்தான் வேர் கொள்கின்றது.

அவ்வாறாயின் பத்து வயதுப் பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்தலாமா? மலேசியக் குற்றவியற் சட்டத் தொகுப்பின் 82ஆம் பிரிவு, பத்து வயது நிரம்பாத பிள்ளை செய்த எதுவும் குற்றமாகாது என்கின்றது. 83ஆம் பிரிவு, பத்துக்கு மேல் பன்னிரண்டுக்குள் உள்ள பிள்ளை, தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி பெறாததாயின் அதன் செயலும் குற்றமாகாது என்கின்றது. நம் தொடக்கப் பள்ளி வயதின் பெரும்பகுதி இவ்விரு பிரிவுகளுக்குள் அடங்கிவிடுவதைக் காண்க. இதனாற் பெறப்படுவது, பிள்ளைக்குப் பொறுப்பே இல்லை என்பது அன்று. பொறுப்பு என்பது பிறக்கும்போதே உடன் வருவதும் அன்று, ஒரு நாளில் வந்து இறங்குவதும் அன்று. விளைவை உணர உணர வளர்வது என்பதே இதன் உட்பொருள். உணர்த்த வேண்டியவர் உணர்த்தாதவரை, அப்பொறுப்பின் பெரும்பங்கு அவர் தலையிலேயே நிற்கும்.

ஆதலின் தவறிழைத்த பிள்ளையிடம் கேட்க வேண்டுவது தண்டனைக்கு முன் ஈடு. ஒட்டுப்படத்தைச் செய்த பிள்ளை அதை அழிக்கட்டும். பெற்ற ஒவ்வொருவரிடமும் அழிக்குமாறு தானே கேட்கட்டும். அதே குழுவில், "நான் செய்தது தவறு" என்று எழுதட்டும். நோவுற்ற பிள்ளையின் முகத்தை நேரிற் கண்டு மன்னிப்புக் கேட்கட்டும். அனுப்பிய படம் எத்தனை கைகளுக்குப் போயிற்று என்பதையும், சிலவற்றைத் திரும்ப வாங்கவே முடியாது என்பதையும் அப்பொழுது அது தானே கண்டுகொள்ளும். பத்துப் பிரம்படி இவ்வறிவைத் தாராது. அடி முடிந்தவுடன் கணக்குத் தீர்ந்தது என்று பிள்ளை எண்ணும். ஈடு செய்யப் புகுந்தாலோ, தன் செயலின் நீளத்தை அது நடந்தே அளக்க வேண்டியிருக்கும்.

பிள்ளையிடம் பொறுப்பைக் கேட்கும் நாம் நம் நடத்தையையும் அதே தராசில் இட வேண்டும். பள்ளிச் சீருடையும் பெயர்ப்பட்டையும் தெரியப் பிள்ளையின் படத்தை முகநூலில் இடும் பெற்றோர் பலர். தேர்ச்சி அறிக்கையைப் பெருமையோடு படமெடுத்து இடுவோரும் உளர். மலேசிய அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளையும், அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தையும் காட்டுவன என்பதை அவர் எண்ணுவதில்லை. பெயர், பள்ளி, பிறந்தநாள், முகம் ஆகிய நான்கையும் ஒரே படத்தில் ஊருக்கு அறிவித்துவிட்டு, "அந்நியரிடம் உன் விவரத்தைச் சொல்லாதே" என்று பிள்ளைக்குக் கூறுவது பொருந்துமா? ஒருவர் முகத்தைப் பொய்ப்படத்தில் ஒட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எவர்க்கும் கிட்டும் காலம் இது. படத்தை இடுமுன் பிள்ளையிடம், "இதை இடலாமா?" என்று ஒரு சொல் கேட்பாராயின், அதனாற் படம் மட்டுமன்றி, பிறர் படத்தை அனுப்புமுன் கேட்க வேண்டும் என்னும் அறமும் பிள்ளைக்குக் கிடைக்கும்.

"நாம் அதிகம் படிக்கவில்லை, பிள்ளைக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது, நாம் எவ்வாறு காப்பது?" என்று தயங்கும் தாய்மார்க்கு ஒன்று கூறுவோம். கருவியை அறிவது வேறு, மனிதரை அறிவது வேறு. கேளாமலே பரிசு கொடுப்பவனையும், தனியே வா என்று அழைப்பவனையும், வீட்டிற் சொல்லாதே என்பவனையும் ஐயுற வேண்டும் என்பதை அறியப் பட்டம் வேண்டுவதில்லை. வாழ்க்கையில் அடிபட்டுக் கற்ற அவ்வறிவு தாயிடம் உண்டு. கருவியை இயக்கும் அறிவு பிள்ளையிடம் உண்டு. "இது எப்படி வேலை செய்கின்றது, எனக்குக் காட்டு" என்று பிள்ளையின் பக்கத்தில் அமரும் தாய், அதன் உலகத்திற்குள் மதிப்போடு நுழைகின்றாள்.

செய்யத்தக்கவை எளியனவே. இரவிற் கைப்பேசி பெரியவர் அறையில் மின்னூட்டம் பெறட்டும். பிறந்த ஆண்டை மெய்யாகவே இடுக. வங்கி அனுப்பும் மறை எண்ணைப் பிள்ளை எவர்க்கும் சொல்லலாகாது. ஆட்டக் காசு வாங்க வேண்டுமாயின் பெரியவரைக் கேட்க வேண்டும். நேரிற் கண்டறியாத ஒருவரைத் தனியே சந்திக்கப் போதல் ஒருபோதும் கூடாது. உடையின்றி உள்ள படத்தை யார் கேட்டாலும், ஆசிரியரோ உறவினரோ ஆயினும், உடனே வீட்டிற் சொல்ல வேண்டும். தீங்கு நேர்ந்துவிட்டால், வெட்கத்தால் அச்செய்திகளை அழித்துவிடாமல், அவை சான்றாதலின் அப்படியே வைத்துக் காவல் நிலையத்திற் கொடுக்க வேண்டும். மலேசியாவில் 15999 என்னும் தாலியான் காசே எண்ணில் உதவி கேட்கலாம். சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தாமே அழைத்துப் பேசுவதற்கென, சிறார் சங்கம் நடத்தும் டிங்கிள் ஃபிரெண்ட் என்னும் சேவை 1800-2744-788 என்ற எண்ணில் உள்ளது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர் சங்கத்தாரும் ஆண்டுக்கொரு மாலையேனும் இதனைத் தமிழில், தாய்மாரும் கேள்வி கேட்கும் வகையில் எடுத்துரைப்பாராயின் பெரும்பயன் விளையும்.

இவை யாவற்றினும் முந்திச் செய்யத்தக்கது ஒன்று. இன்றிரவே பிள்ளையை அருகழைத்து இவ்வாறு கூறுக: "இணையத்தில் உனக்கு எது நேர்ந்தாலும், நீயே எது செய்திருந்தாலும், என்னிடம் சொல். சொன்னதற்காக அடிக்க மாட்டேன். சொன்னதற்காகக் கைப்பேசியைப் பறிக்கவும் மாட்டேன். இருவரும் சேர்ந்து என்ன செய்வது என்று பார்ப்போம்." சொல்வது எளிது, காப்பதே அரிது. ஒருநாள் பிள்ளை நடுங்கியபடி வந்து நிற்கும். அது சொல்லும் செய்தி நம் கையை ஓங்கச் செய்யும். அப்பொழுது ஓங்கிய கை இறங்காதிருக்குமாயின், அப்பிள்ளை மறுமுறையும் வரும். இறங்கிவிடுமாயின், பின்னர் எத்தனை பூட்டுகளைப் பூட்டினாலும் பயனில்லை. பிள்ளை அஞ்சி ஒடுங்கும் அவ்விடத்தில் அதன் காதருகே பேசுவதற்கு வேறொருவன் காத்திருப்பான். தம் வீட்டில் எந்தக் குரல் பிள்ளைக்கு அணுக்கமாயிருத்தல் வேண்டும் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் இன்றே முடிவு செய்துகொள்வாராக.